அயனியைத் தெரிந்தெடுக்கும் சவ்வு: ஒரு மின்முனையின் வரலாறு

மெல்லிய கண்ணாடிக் குமிழின் உள்ளும் புறமும் அமிலத்தன்மையில் வேறுபட்ட இரு கரைசல்கள் இருப்பின், அக்கண்ணாடியின் இருபுறத்துக்குமிடையே மின்னழுத்தம் தோன்றும். 1906ஆம் ஆண்டில் மியூனிக் நகரத்து உடலியலறிஞர் மாக்ஸ் கிரெமர் இதனைக் கண்டார். 1909இல் ஃபிரிட்ஸ் ஹேபரும் கிளெமென்சியேவிச்சும் அதனை அளவைக் கருவியாக்கினர். நம் பள்ளி ஆய்வுக்கூடத்துப் பிஎச் மானி அதன் வழித்தோன்றலே.

அக்கண்ணாடி ஹைட்ரஜன் அயனிக்கு உரியது. ஆயினும் கடுங்காரக் கரைசல்களில் அது சோடியத்தையும் உணர்ந்து பிழையான அளவு காட்டிற்று. பிழை எனப்பட்ட அவ்வியல்பே உலோக அயனிகளை அளக்க வழி திறந்தது. கண்ணாடியில் அலுமினிய ஆக்சைடின் அளவை மாற்றிச் சோடியத்தைச் சிறப்பாக உணரும் கண்ணாடிகளை ஜார்ஜ் ஐசன்மன் குழுவினர் 1957இல் வெளியிட்டனர்.

பொட்டாசியமோ எளிதில் பிடிபடவில்லை. குருதிநீரில் லிட்டருக்குச் சோடியம் ஏறத்தாழ 140 மில்லிமோல். பொட்டாசியம் நான்கைந்து மட்டுமே. இரண்டும் ஒரே மின்னேற்றம் உடையவை. அச்சிறு அளவு வரம்பு கடந்து ஏறினாலும் இறங்கினாலும் இதயத்துடிப்பு தடுமாறும். ஆகவே மருத்துவருக்கு அது தவறாமல் தெரிந்தாக வேண்டும். விடை மண்வாழ் நுண்ணுயிர் ஒன்றிடமிருந்து வந்தது. அது சுரக்கும் வாலினோமைசின் வளைய வடிவான மூலக்கூறு. அதன் நடுக்குழியில் பொட்டாசியம் அளவாகப் பொருந்தும். அதனினும் சிறிய சோடியம் அங்கு நிலைகொள்வதில்லை. சூரிக் நகரில் வில்ஹெல்ம் சைமன் குழுவினர் 1960களில் இதனைக் கொண்டு அமைத்த சவ்வு, சோடியத்தைவிடப் பொட்டாசியத்தைப் பல்லாயிரக்கணக்கில் அல்லாவிடினும் ஆயிரம் மடங்குக்கு மேல் விரும்பியது. 'மென்படலம்' என எழுதுவோரும் உளர்; உயிர்களிடம் கற்ற வித்தையாதலால் 'சவ்வு' என்பதே பொருத்தம் என்பேன்.

1970இல் கார்டிஃப் நகரத்து மூடி, தாமஸ் முதலியோர், கால்சிய மின்முனைக்கான திரவத்தைப் பிவிசி நெகிழியில் பொதித்தனர். நீர்க்குழாய்க்குப் பயன்படும் அதே நெகிழி! சவ்வு மலிவாயிற்று, கையாளவும் எளிதாயிற்று.

எனினும் குடிநீரில் ஈயத்தைக் காண அது போதவில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டு அளவு லிட்டருக்கு 10 மைக்ரோகிராம். அக்கால மின்முனைகளோ பொதுவாக 200 மைக்ரோகிராம் அளவிலேயே தடுமாறத் தொடங்கின. நஞ்சு குழந்தையின் மூளையைப் பாதிக்கும் அளவில் இருந்தும் கருவி மௌனம் காத்தது.

சவ்வின் தெரிவுத்திறனே எல்லையைத் தீர்மானிக்கிறது என்றே பலரும் நெடுங்காலம் எண்ணினர். உண்மையில், மின்முனையின் உட்கரைசலிலிருந்த ஈயமே சிறிது சிறிதாகச் சவ்வின் வழியே கசிந்து, அளக்க வேண்டிய நீரை மாசுபடுத்தியது. தான் சிந்தியதையே தான் அளந்துகொண்டிருந்தது அக்கருவி! 1997இல் சொக்கால்ஸ்கி, பிரெட்ஷ் முதலியோர் உட்கரைசலில் இடிடிஏ சேர்த்து, கட்டற்ற ஈய அயனியின் அளவை மிகக் குறைத்தனர். கசிவு அடங்கியது, லிட்டருக்கு ஒரு மோலில் இலட்சம் கோடியில் சில பங்கு ஈயமும் அளவைக்குள் வந்தது.