கட்டுமரம் கத்தமரான் ஆன கதை

மலாய்மொழியில் வாழும் தமிழ்க் கடற்சொற்களில் இரண்டை ஜொகூரில் அடிக்கடி கேட்கலாம். ஒன்று ‘காப்பால்’. அது நம் கப்பல். மற்றொன்று ‘கத்தமரான்’. அது நம் கட்டுமரம். இரண்டும் ஒரே கரையிலிருந்து புறப்பட்டவை. ஆனால் வந்த வழி வேறு, வந்து சேர்ந்தபோது இருந்த நிலையும் வேறு.

கப்பல் நேராக வந்தது. பெட்டி ‘பெத்தி’ ஆகவும், கடை ‘கெடை’ ஆகவும் வணிகர் கையோடு இங்கே இறங்கிய காலத்தில் அதுவும் இறங்கியிருக்க வேண்டும். இறங்கியதும் மலாயின் சொந்தப் பிள்ளையாகிவிட்டது. விமானம் ‘காப்பால் தெர்பாங்’, பறக்கும் கப்பல். நீர்மூழ்கி ‘காப்பால் செலாம்’. கப்பல் தொழில் முழுவதும் ‘பெர்காப்பாலான்’. 1926-இல் கட்டப்பட்டு 1973 வரை சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் இடையே ஓடிய ரஜூலாவில் ஏறி வந்து ஜொகூர்த் தோட்டங்களுக்குப் போன நம்மவர்கள், தாங்கள் வந்த ஊர்தியின் பெயர் தங்களுக்கு முன்பே இங்கே குடியேறியிருந்ததைப் பார்த்தார்கள். கப்பலில் மாலுமிகளுக்கு மேலாள் ‘தண்டல்’. அந்தச் சொல் மலாயாவில் கரையேறி, வேலையாட்களின் கூட்டத்தை மேய்ப்பவனுக்குப் பெயரானது. கடலில் பிறந்து ரப்பர் காட்டுக்குள் போன சொல் அது.

கட்டுமரத்தின் வழி அப்படி நேரானதல்ல. சோழமண்டலக் கரையிலிருந்து ஐரோப்பியர் வாய்க்குள் போய், இங்கிலாந்தைச் சுற்றி, அமெரிக்காவில் பொருள் மாறி, ஆங்கிலத்தின் வழியாக மலாய்க்கு வந்தது. இஸ்கண்டார் புத்ரியின் படகுத்துறையில் நிற்கும் வெள்ளைவெளேர் என்ற இரட்டை உடல் பாய்மரப் படகைப் பார்த்து மலாய்க்காரர் கத்தமரான் என்கிறார். அதில் மரமும் இல்லை, கட்டும் இல்லை. கண்ணாடியிழையும் பசையும்தான்.

இந்தச் சொல்லில் உயிர் எங்கே இருக்கிறது என்று பார்க்க, முதலில் பொருளைப் பார்க்க வேண்டும். கட்டுமரம் உள்ளே குழிவுள்ள படகன்று. அல்பீசியா போன்ற இலகு மரத்தின் தடிகளைச் செதுக்கி, முன்பக்கம் சற்று மேல்நோக்கி வளையும்படி அடுக்கி, இரு முனையிலும் கயிற்றால் இறுக்கிக் கட்டியது. அவ்வளவே. அலை வந்தால் மேலே ஏறும், தடிகளின் இடைவெளி வழியாகக் கீழே வடிந்துவிடும். உள்ளே நீர் தங்கினால்தானே மூழ்கும்? துறைமுகமே இல்லாத திறந்த கரையில், அலை உடையும் வரிசைகளைத் தாண்டிப் போகவும் அதே அலையின் முதுகில் ஏறி மணலுக்குச் சறுக்கி வரவும் இதைவிட நம்பகமான கலம் கிடையாது. சென்னையில் துறைமுக வேலை தொடங்கியதே 1870-களில்தான். 1881 புயல் அதையும் உடைத்துப் போட்டது. அதுவரை, நடுக்கடலில் நிற்கும் கப்பலுக்கும் கரைக்கும் இடையில் ஆளையும் சரக்கையும் ஏற்றிப் போனவை கயிற்றால் தைத்த மசூலாப் படகுகள். கடிதம் கொண்டு போனவையும், கவிழ்ந்தவரைத் தூக்கி வந்தவையும் கட்டுமரங்கள்.

கரை வந்ததும் மீனவர் செய்யும் வேலையில்தான் பெயரின் காரணம் விளங்கும். கட்டை அவிழ்த்து, தடிகளைத் தனித்தனியாக மணலில் காயப் போடுவார்கள். நீர் குடித்த மரம் உலர்ந்தால்தான் மறுநாள் நன்றாக மிதக்கும். மறுபடி கடலுக்குப் போகும்போது மறுபடி கட்டுவார்கள். ஆகவே கட்டுமரம் என்பதில் ‘கட்டு’ என்றோ ஒருநாள் முடிந்துபோன வேலையைக் குறிக்கவில்லை. வினைத்தொகை என்பார்கள் இலக்கணத்தில். கட்டிய மரம், கட்டுகின்ற மரம், கட்டும் மரம் என்று முக்காலமும் அதில் அடங்கும். இந்தச் சொல்லுக்கு அந்த இலக்கணம் பொருந்துவதுபோல வேறெதற்கும் பொருந்தி நான் கண்டதில்லை.

கட்டுவதை வைத்து மிதவைக்குப் பெயரிடுவது தமிழில் மிகப் பழைய பழக்கம். சங்க நூல்களில் வரும் ‘புணை’ அப்படிப்பட்டது. புணர், பிணை, புணை எல்லாம் சேர்த்துக் கட்டுதல் என்ற ஒரே வேரில் கிளைத்தவை. உலகமே நம் ஊர் என்று பாடிய கணியன் பூங்குன்றனார், மனித உயிர் விதியின் போக்கில் செல்வதை ஆற்றில் அடித்துச் செல்லப்படும் புணைக்கு ஒப்பிடுகிறார். சினம் தன்னைக் காக்கும் தெப்பத்தையும் எரித்துவிடும் என்று வெகுளாமை அதிகாரத்தில் வள்ளுவர் சொல்லும்போதும் புணைதான் வருகிறது. நீதிமன்றத்தில் ஒருவருக்காக நிற்பவர் தரும் பிணைக்கும் இந்தப் புணைக்கும் உறவு நெருக்கமானது. புணை என்ற சொல்லுக்கே ஈடு, பிணை என்ற பொருளும் உண்டு.

கி.பி. முதல் நூற்றாண்டில் கிரேக்க மொழியில் எழுதப்பட்ட பெரிப்ளூஸ் என்ற கடற்பயணக் கையேடு, நம் கிழக்குக் கரைத் துறைகளில் ஒற்றை மரங்களைப் பிணைத்துச் செய்த பெரிய கலங்களைச் சொல்லி, ‘சங்காரா’ என்று பெயர் தருகிறது. மலையாளத்துச் சங்ஙாடம், தமிழில் சங்கடம், சங்காடம் என்று வழங்கும் இரட்டைத்தோணி, இவற்றோடு அதை இணைத்துப் பேசுவது வழக்கம். மரங்களைப் பொருத்திச் சேர்த்தல் என்ற பொருளுள்ள வடசொல் சங்காடத்துக்கு மூலம் என்பர். போர்ச்சுகீசியர் அதை மேற்குக் கரையில் எடுத்து ‘ஜங்காடா’ ஆக்கி பிரேசிலுக்குக் கொண்டுபோனார்கள். அங்கே வடகிழக்குக் கரை மீனவர் தம் பாய்மரத் தெப்பத்தை அந்தப் பெயரால்தான் அழைக்கிறார்கள். நம் கரைச் சொல் ஒன்று அட்லாண்டிக்கின் மறுகரையில் இன்னும் மீன் பிடித்துக்கொண்டிருக்கிறது. நினைக்க மகிழ்ச்சியாக இருக்கிறது.

கட்டுமரம் ஐரோப்பிய எழுத்தில் ஏறியது 16-ஆம் நூற்றாண்டில். வெனிஸ் நகரத்து நகைவணிகர் காஸ்பரோ பால்பி 1583-இல் நம் கரையில் இதைப் பார்த்திருக்கிறார். ஏழு உருண்டைத் தடிகள், அவற்றில் ஐந்து அடிப்பாகம், நடுவிலுள்ளது மற்றவற்றைவிட நீண்டு நீரைக் கிழிக்கிறது என்று தச்சனைப்போல எண்ணி எழுதி, பெயரைக் ‘கத்தமெரோனி’ என்று பதிந்திருக்கிறார். உச்சரிப்பு உடைந்திருந்தாலும் பொருள் சரியாக இருந்தது. 1697-இல் வெளிவந்த வில்லியம் டாம்பியரின் பயண நூலிலும் அப்படியே: ஒருவர் மட்டும் ஏறும் அளவுக்குச் சிறியது, அவர் இடுப்புக்குக் கீழே எப்போதும் நீரில் இருக்கும் என்று விளக்குகிறார். இதுவரை கட்டு அவிழவில்லை.

அவிழத் தொடங்கியது அடுத்து. 1804-இல் ராபர்ட் ஃபுல்டன் ஆங்கிலேயருக்காக வெடிமருந்து அடைத்த, பாதி மூழ்கி மிதக்கும் பெட்டிகளைச் செய்தார். பூலோன் துறையில் நின்ற பிரெஞ்சுப் படகுகள் மேல் அவற்றை ஏவினார்கள். அவற்றுக்கும் கத்தமரான் என்றே பெயர். நீர்மட்டத்தோடு ஒட்டிக் கிடக்கும் எதுவும் கத்தமரான் என்ற அளவுக்குப் பொருள் நெகிழ்ந்துவிட்டது. பிறகு அமெரிக்காவில் நத்தானியேல் ஹெரஷாஃப் 1876-இல் ‘அமரில்லிஸ்’ என்ற இரட்டை உடல் படகைக் கட்டி, நியூயார்க் பந்தயத்தில் மற்றவற்றை வெகுதூரம் பின்தள்ளினார். இது படகே அல்ல என்று எதிர்ப்புக் கிளம்பியது. அந்த வகைக்கு நம் சொல் ஒட்டிக்கொண்டது. இரண்டு உடல் என்றால் கத்தமரான் என்பது உலக வழக்கானது.

இதில் ஒரு செய்தியை நான் விடமாட்டேன். ஹெரஷாஃப் தம் இரண்டு உடல்களையும் இறுக்கி ஆணியடிக்கவில்லை. ஒவ்வோர் உடலும் தன் அலைக்கேற்பத் தனியாக ஏறி இறங்கும்படி, குறுக்குச் சட்டங்களின் முனையில் பந்துக்கிண்ண மூட்டுகளை வைத்தார். 1877-இல் அதற்குக் காப்புரிமையும் பெற்றார். கயிறு இயல்பாகச் செய்து தரும் வேலையை உலோகத்தில் செய்ய முயன்றிருக்கிறார். பெயரில் இருந்த நுட்பத்தை அவர் தாமாகவே தேடிக் கண்டிருக்கிறார்.

ஆங்கிலம் அந்தச் சொல்லை வெட்டியதும் தவறான இடத்தில். 1940-களில் உக்ரைனில் பிறந்த விக்டர் செச்செட் மூன்று உடல் படகுக்கு ‘ட்ரைமரான்’ என்று பெயர் வைத்தார். ‘கத்த’ என்பது இரண்டு, ‘மரான்’ என்பது படகு என்று எண்ணிப் பிரித்தது போன்ற வெட்டு. கட்டு போய்விட்டது, மரம் மட்டும் விகுதியாக ஒட்டிக்கொண்டு உலகம் சுற்றுகிறது. ஆங்கிலம் எறிந்துவிட்டது சொல்லின் உயிரை.

எறிந்த அந்தக் கட்டு இன்றும் எங்கே தேவைப்படுகிறது என்று பார்க்க, இப்போது ஜொகூரின் கிழக்குக் கரைக்கு வருவோம். நவம்பரில் வடகிழக்குப் பருவக்காற்று தொடங்கியதும் தென்சீனக் கடல் தெசாருவிலும் தஞ்சோங் பாலாவிலும் அலை அலையாக வந்து உடையும். மற்ற மாதங்களில் குளம்போலக் கிடக்கும் கரை இது. அந்த அலையில் சறுக்க, பக்கத்தில் ஒரு மிதவை பொருத்திய ஒடுங்கிய தோணியை வீட்டிலேயே செய்ய நினைப்பவர் என்ன செய்ய வேண்டும்? மெராந்தி பிளைவுட் பலகைகளை வரைந்து அறுத்து, விளிம்புகளில் துளையிட்டு, செம்புக் கம்பியால் தைத்து இழுத்தால் தோணியின் வடிவம் எழுந்து நிற்கும். மூட்டுகளில் எப்பாக்சி பூசி, உலர்ந்தபின் கம்பியை எடுத்துவிடலாம். 1960-களின் தொடக்கத்தில் மிரர் டிங்கி என்ற சிறுபடகு இந்த முறையை வீடுதோறும் பரப்பியது. மசூலாப் படகைத் தென்னங்கயிற்றால் தைத்தவர்களுக்கு இது புதிதாகத் தெரிந்திருக்காது.

அலைக்கான தோணியின் அடி நேராக இருக்கக் கூடாது. முன்னும் பின்னும் மேல்நோக்கி வளைய வேண்டும், இல்லாவிட்டால் அலையின் சரிவில் இறங்கும்போது மூக்கு நீருக்குள் குத்திவிடும். பக்க மிதவை இடப்புறம் இருப்பது ஹவாய் மரபு. தோணி சரியும்போது ஒருவர் குறுக்குமரத்தின் மேல் சாய்ந்து மிதவையை நீரில் அழுத்திப் பிடிப்பார். அது மேலே எழும்பிவிட்டால் எல்லாரும் கடலில்.

கடினமான இடம் தோணியும் குறுக்குமரமும் சேரும் மூட்டு. அலை ஒரே நேரத்தில் தோணியை ஒரு பக்கமும் மிதவையை இன்னொரு பக்கமும் முறுக்கும். போல்ட் போட்டு முடுக்கினால் அந்த முறுக்கெல்லாம் துளையின் ஓரத்தில் குவிந்து, மரம் பிளக்கும். கயிற்றால் பலசுற்றுச் சுற்றிக் கட்டினால் சுமை எல்லாச் சுற்றுக்கும் பங்காகும், மூட்டு சற்று அசைந்து கொடுத்துத் திரும்பும். பாலினீசியர் தென்னை நாரில் கட்டினார்கள். இன்று பாலியெஸ்டர் கயிறு, பழைய டயர் டியூபை அறுத்த ரப்பர்ப் பட்டை. 1950-களில் தாமே கட்டிய சிறிய இரட்டைத்தோணியில் அட்லாண்டிக்கைக் கடந்த ஜேம்ஸ் வார்ரம், பின்னாளில் வீட்டில் கட்டுவோருக்கு வரைபடம் விற்றபோது குறுக்குமரங்களைக் கயிற்றால் கட்டவே சொன்னார். ஹவாயில் வுடி பிரவுன் 1947-இல் இறக்கிய ‘மனு காய்’, அலைச்சறுக்குப் பலகை செய்துவந்த ஹோபி ஆல்ட்டர் 1968-இல் மணலிலிருந்தே அலைக்குள் தள்ளும்படி செய்த சிறு கத்தமரான் ஆகியவையும் அலையாடிகள் கையிலிருந்து வந்தவையே.

மரத்திலும் ஓர் உறவு உண்டு. நம் கட்டுமரத்துக்குரிய அல்பீசியாவுக்கு நெருங்கிய உறவானதே மலேசியாவில் ‘பாத்தாய்’ என்று நட்டு வளர்க்கப்படும் மரம். ஹவாயில் அது கட்டுக்கடங்காமல் பரவி, இப்போது அதையே குடைந்து தோணியும் செதுக்கிப் பலகையும் செய்கிறார்கள்.

பெயர்களுக்குத் திரும்புகிறேன். பசிபிக் முழுவதும் தோணிக்கு வாக்கா, வாகா, வாஆ, பிலிப்பைன்சில் பங்கா என்று ஒரே குடும்பச் சொற்கள். மூல வடிவத்தை ‘வங்க’ என்று மொழியியலார் மீட்டுரைக்கிறார்கள். சங்கப் பாடல்களில் பெருங்கடலைப் பிளந்து செல்லும் கலம் ‘வங்கம்’. இரண்டுக்கும் உறவு காண்போர் உண்டு, கடன் எந்தத் திசையில் போனது என்று வாதிடுவோரும் உண்டு. மலாயில் பக்க மிதவைக்கு ‘காத்திர்’, ‘சாடிக்’ என இரு சொற்கள். ஹவாயில் மிதவை ‘அமா’, குறுக்குமரம் ‘இயாக்கோ’. தமிழில் எழுதுவோர் ‘அவுட்ரிகர்’ என்று எழுதிவிட்டுப் போகிறார்கள்.

அதைப் ‘பக்கப்புணை’ என்று எழுதலாம் என்பது என் துணிபு. மிதவை என்ற பொருளும், சேர்த்துக் கட்டியது என்ற பொருளும், கவிழாமல் நிற்கப் பக்கத்தில் நிற்கும் பிணை என்ற பொருளும் அந்த ஒரு சொல்லில் இருக்கின்றன. வேறெந்தப் புதுச்சொல்லும் இவ்வளவைச் சுமக்காது. படகுத்துறையில் நிற்கும் கண்ணாடியிழைக் கலத்துக்குக் கத்தமரான் என்ற ஊர்சுற்றிய பெயரே இருக்கட்டும், அல்லது இரட்டையுடல் படகு என்று எழுதுங்கள். அதைக் கட்டுமரம் என்று திருப்பி எழுதாதீர்கள். கோவளத்தில் தெர்மாகோல் பலகைகளைக் கயிற்றால் இறுக்கி அலைக்குள் தள்ளும் மீனவருடையதும், தெசாருவில் மிதவையை ரப்பர்ப் பட்டையால் கட்டி, ஆட்டம் முடிந்ததும் அவிழ்த்துக் காரின் கூரையில் ஏற்றிப் போகிறவருடையதும்தான் அந்தப் பெயருக்கு உரியவை.