பாதி விலைக்கு ஏல வீடு... ஆன்லைன் விளம்பரம் அசலா, போலியா? கண்டுபிடிப்பது எப்படி?

"தாம்பரம் பக்கத்துல 80 லட்சம் ரூபாய் வீடு. பேங்க் ஏலத்துல வெறும் 38 லட்சம். இன்னைக்கே 50 ஆயிரம் கட்டி புக் பண்ணுங்க!" இப்படி ஒரு விளம்பரம் உங்க மொபைலுக்கும் வந்திருக்கலாம். இதில் முதல் பொய்யே அந்த 'புக்கிங்' தான்.

வங்கி ஏலத்தில் யாருக்கும் முன்பதிவு கிடையாது. முன்வைப்புத் தொகை, அதாவது இஎம்டி கட்டி ஏலம் கேட்க வேண்டும். இது பொதுவாக குறைந்தபட்ச விலையில் 10 சதவீதம். 38 லட்சத்துக்கு 3 லட்சத்து 80 ஆயிரம் வரணும். அப்போ 50 ஆயிரம் எங்கிருந்து வந்தது?

மோசடிக்காரர்கள் இல்லாத வீட்டைத்தான் காட்டுவார்கள் என்று நினைக்காதீங்க. வங்கியின் உண்மையான ஏல அறிவிப்பையே காப்பி அடித்து, போன் நம்பரையும் கணக்கு எண்ணையும் மட்டும் மாற்றிவிடுவார்கள். நேரில் போய்ப் பார்த்தால் வீடு இருக்கும், முகவரியும் சரியாக இருக்கும். அதனால் விளம்பரத்தில் உள்ள நம்பருக்குப் போன் செய்து விசாரிப்பதில் பலனில்லை. வங்கியின் இணையதளத்தில் கிளையின் எண்ணைத் தேடி எடுத்து, ஏலத்துக்குப் பொறுப்பான அதிகாரி யார் என்று கேளுங்க. நேரில் போனால் இன்னும் நல்லது.

பொதுத்துறை வங்கிகளின் ஏலச் சொத்துகளை 'பேங்க்நெட்' தளத்தில் தேடலாம். 2002-ம் ஆண்டு சர்ஃபேசி சட்டப்படி நடக்கும் பொது ஏலம் என்றால், இரண்டு நாளிதழ்களில் அறிவிப்பு வரணும், அதில் ஒன்று உள்ளூர் மொழியில். முதல் முறை ஏலத்துக்கு 30 நாள் அவகாசமும் உண்டு. "நாளைக்கே ஏலம், சீக்கிரம்" என்று அவசரப்படுத்தினால் உஷார்.

அடுத்து வில்லங்கச் சான்று. பதிவுத்துறை தளத்திலேயே பார்க்கலாம். தமிழ்நாட்டில் வீட்டுக் கடன் வாங்கியிருந்தால், பெரும்பாலும் 'உரிமை ஆவணங்கள் ஒப்படைப்பு' என்ற பதிவு வங்கியின் பெயரோடு இருக்கும். அதுவே இல்லையென்றால், எந்தக் கடனுக்காக ஏலம் என்று வங்கியில் கேளுங்க.

பணத்தை தனிநபர் கணக்குக்கோ ஜிபே எண்ணுக்கோ அனுப்பவே கூடாது. ஏற்கெனவே அனுப்பிட்டீங்களா? உடனே 1930-க்கு அழைங்க. எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ, பணம் வேறு கணக்குக்கு மாறுவதற்குள் முடக்க அவ்வளவு வாய்ப்பு. பரிவர்த்தனை எண், விளம்பரத்தின் ஸ்க்ரீன்ஷாட் இரண்டையும் கையில் வைத்துக்கொள்ளுங்க.