மறுப்போர்க்கு ஐந்து காசு

பழந்தமிழர் ஊராட்சி என்றதும் உத்தரமேரூரும் குடவோலையும் நம் நினைவுக்கு வருகின்றன. முதற் பராந்தகன் காலத்தில் 919-இல் வகுத்த முறையை, இரண்டே ஆண்டுகளில், 921-இல், அச்சபையே திருத்தி எழுதியது. முப்பது குடும்புகளுக்கும் தனித்தனியே பெயர் எழுதிய ஓலைக்கட்டுகள்; குடத்தில் கைவிடுவது ஏதுமறியாச் சிறுவன்; ஓலையை வாங்கும் மத்தியஸ்தன் ஐந்து விரலும் அகல விரித்த உள்ளங்கையில் ஏற்க வேண்டும். கள்ளம் நுழையக்கூடிய இடங்களையெல்லாம் எண்ணிப் பார்த்து அடைத்தவர்கள் அவர்கள்.

ஆயினும் குடவோலை, ஆளைத் தேர்ந்தெடுக்கும் முறையே. தேர்ந்தெடுத்தோரும் ஊராரும் ஒன்றாக அமர்ந்து ஒரு பொருளில் ஒருமனப்படுவது எவ்வாறு என்ற கேள்வி வேறு. அதற்கு விடை தேட நாம் காஞ்சிபுரம் வரை போக வேண்டியதில்லை. ஆரல்வாய்மொழிக் கணவாயைக் கடந்து நெல்லைச் சீமையின் மானூருக்குப் போனால் போதும்.

மானூர் அம்பலவாணர் கோயிலில் மாறஞ்சடையனின் 35-ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு ஒன்று உண்டு. காலம் ஏறத்தாழ கி.பி. 800, உத்தரமேரூருக்கு நூறாண்டுக்கும் மேல் மூத்தது. மானநிலைநல்லூர் மகாசபையார் கூடிச் சில விதிகளைச் செய்கின்றனர். சபையில் அமர நிலப்பங்கு வேண்டும், வேதக்கல்வி வேண்டும், நல்லொழுக்கம் வேண்டும். (உழுதவருக்கு அங்கு இடமில்லை என்பதை இன்று இதைப் படிக்கும் நாம் மறக்கலாகாது.) இவற்றைக் காட்டிலும் நம்மை நிறுத்துவது அடுத்த விதி. சபையில் எந்தப் பொருள் வந்தாலும் ‘அன்று, அன்று’ என்று மறித்துக்கொண்டே இருப்பவரும், அவருக்குத் துணைநிற்போரும் ஒவ்வொரு பொருளுக்கும் ஐந்து காசு தண்டம் இறுக்க வேண்டும். இறுத்த பின்னும் அவ்விதிக்கு அடங்கியே நடக்க வேண்டும்.

கூட்டம் நடத்திச் சலித்த எவரும் இவ்விதியை எழுதியவர்மீது பரிவு கொள்வர். நாமும் கொள்கிறோம். ஆனால் தொடர்ந்து மறுப்பவன் வீம்பனா, நியாயம் கண்டவனா என்பதைத் தீர்மானிப்பது யார்? அவன் மறுக்கும் அதே சபைதான்.

நாஞ்சில் நாட்டின் வரலாறு இக்கேள்வியை மறுபுறத்திலிருந்து காட்டுகிறது. 1697-இல் மங்கம்மாளின் தளவாய் நரசப்பையன் படையெடுத்து வந்தான். அதற்கு முன்னும் பின்னும் மதுரைப் படைகள் இவ்வயல்களில் புகுந்து கொள்ளையிட்டன. விளைவிழந்த குடிகளிடம் வேணாட்டு அதிகாரிகள் வரியும் கேட்டனர். 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், மங்கலம் முதல் மணக்குடி வரையுள்ள பிடாகைகளின் நாட்டார் வடசேரியிலும் ஆசிராமத்திலும் திரண்டனர். வழக்கத்துக்கு மிஞ்சிய வரியைக் கொடுப்பதில்லை என ஒருமனதாக முடிவு செய்தனர்.

‘மாட்டோம்’ என்று சொல்வதில் பெரிதாக ஒன்றுமில்லை. சொன்ன மறுநாள் அதிகாரி வந்து ஓர் ஊரை மட்டும் தனித்துப் பிடித்தால் என்ன செய்வது? நாட்டார் அதை முன்கூட்டியே யோசித்திருந்தனர். இம்முடிவைக் காத்ததால் எவருக்கேனும் இழப்பு நேர்ந்தால் நாடு முழுவதும் கூடி அதை ஈடு செய்யும். நாட்டுக்கு எதிராக அரசோடு மறைவில் சேர்பவரை நாட்டுக் கூட்டமே விசாரிக்கும். உடன்பாட்டின் செலவைப் பங்கிட்டு, அதையும் உடன்பாட்டுக்குள்ளேயே எழுதிவைத்தார்கள். நம் பார்வையில் மானூரின் ஐந்து காசைவிட இது கூர்மையான ஏற்பாடு. மறுப்பவனைத் தண்டித்துப் பெறும் ஒப்புதல் கூட்டம் கலையும் வரை நிற்கலாம். அதிகாரி வாசலில் வந்து நிற்கும் நாளில் அதை நம்பி எவரும் கதவடைக்க மாட்டார்கள்.

இங்கும் எல்லோரும் நாட்டாரல்லர். நிலமுடைய வேளாளரின் குரலே ஓங்கி ஒலித்தது. பெண்களும், வயலில் கால் புதைய நின்றோரும் முடிவுக்குக் கட்டுப்பட்டவர்களே தவிர, முடிவெடுத்தவர்கள் அல்லர்.

1729-இல் மார்த்தாண்டவர்மா அரியணை ஏறினார். வலுவான மைய அரசு எழுந்ததும் நாட்டுக் கூட்டத்தின் கை தளர்ந்தது. ஆயினும் இந்நாட்டின் பழைய நிர்வாகம் குறித்த ஓலைகள் அழகியபாண்டியபுரம் முதலியார் வீட்டில் தங்கியிருந்தன. கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை அவற்றைத் தேடிப் படித்தார், பின்னர் அ.கா. பெருமாள் ‘முதலியார் ஓலைகள்’ என்ற பெயரில் பதிப்பித்தார்.