விசையைச் செலுத்துவது எது? இயக்க விதிகளைக் கற்பிக்கும் வரிசை குறித்து

மேல்நோக்கிச் சுண்டிவிட்ட நாணயம் பாதி உயரத்தில் ஏறிக்கொண்டிருக்கிறது. அந்தக் கணத்தில் அதன்மீது செயல்படும் விசைகளை அம்புக்குறிகளாக வரையச் சொன்னால், பல மாணவர்கள் இரண்டு அம்புகளை வரைகிறார்கள். கீழ்நோக்கிய அம்பு புவியீர்ப்பு. மேல்நோக்கிய அம்பு, கை கொடுத்தனுப்பிய விசை. மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜான் கிளமென்ட் இதே கேள்வியைப் பொறியியல் மாணவர்களிடம் கேட்டு, முடிவுகளை 1982இல் வெளியிட்டார். இயக்கவியல் பாடத்தை முடித்தவர்களிலும் பெரும்பாலோர் அந்த இரண்டாவது அம்பைக் கைவிடவில்லை. விசை நிறையையும் முடுக்கத்தையும் பெருக்கிவரும் தொகை என்பது அவர்களுக்கு மனப்பாடம். ஆகவே பயிற்சிக் கணக்குகளைக் கூட்டுவதால் இந்தப் பிழை தீராது. இயக்க விதிகளை நாம் கற்பிக்கும் வரிசையிலேயே அதன் வேர் இருக்கிறது என்பது இக்கட்டுரையின் வாதம்.

நாணயத்தின் கணக்கையே பார்ப்போம். நிறை 5 கிராம். கை அதை 20 சென்டிமீட்டர் தூரத்துக்குச் சீராக உந்தி, வினாடிக்கு 4 மீட்டர் வேகத்தில் விடுவிக்கிறது. இதற்கு ஆகும் நேரம் ஒரு வினாடியில் பத்தில் ஒரு பங்கு. அந்த நேரம் முழுவதும் கை செலுத்தும் விசை ஏறத்தாழ 0.25 நியூட்டன், அதாவது நாணயத்தின் எடையைப்போல் ஐந்து மடங்கு. விரலை விட்டு நாணயம் பிரிந்ததும் அந்த விசை சுழியாகிவிடுகிறது; சிறிது சிறிதாகக் குறைந்து தேயும் எச்சம் எதுவும் இல்லை. அதன்பின் இருப்பது 0.049 நியூட்டன் எடையும், அதோடு ஒப்பிட மிகச் சிறிதான காற்றுத் தடையும்தான். உச்சியில் வேகம் சுழியாகும் கணத்திலும் எடை மாறுவதில்லை, முடுக்கமும் மாறுவதில்லை. நாணயம் ஏறிக்கொண்டே போவதற்கு விசை தேவையில்லை. ஏற்றம் குறைவதற்கே விசை தேவை, அதைப் பூமி தருகிறது.

மாணவரின் இரண்டாவது அம்பை அறியாமை என்று ஒதுக்குவது அநீதி. ஆறாம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவின் ஜான் பிலோபோனஸ், எறிபொருளைக் காற்றே தள்ளிச் செல்கிறது என்ற அரிஸ்டாட்டிலின் விளக்கத்தை மறுத்து, எறிபவர் பொருளுக்குள் ஓர் ஆற்றலைப் பதித்து அனுப்புவதாகச் சொன்னார். பதினான்காம் நூற்றாண்டுப் பாரிஸில் ஜான் புரிடான் அந்த எண்ணத்தைச் செப்பனிட்டு, பொருளின் அளவையும் வேகத்தையும் பொறுத்து அது கூடும் என்றார்; இன்றைய உந்தத்துக்கு அது வியப்பூட்டும் அளவு அருகில் வருகிறது. பீசாவில் இருந்த இளம் கலிலியோவும் 1590 வாக்கில், எறிந்த பொருளில் பதிந்த விசை படிப்படியாகத் தேய்வதாகவே எழுதினார். 1687இல் வெளிவந்த நியூட்டனின் ‘பிரின்சிப்பியா’வின் மூன்றாவது வரையறைகூட நிலைமத்தைப் பொருளுக்குள் உறையும் ஒரு விசை என்றே குறிக்கிறது. நான்காவது வரையறையில்தான் திருப்பம் நிகழ்கிறது: வெளியிலிருந்து செலுத்தப்படும் விசை செயல் நடக்கும்போது மட்டுமே உண்டு, செயல் முடிந்தபின் பொருளில் தங்குவதில்லை. பேரறிஞர்கள் இவ்வளவு காலம் போராடி எட்டிய இடத்துக்கு ஒரு சமன்பாட்டைக் கொடுத்து மாணவரை ஒரே வாரத்தில் கொண்டுசேர்க்க எண்ணுகிறோம்.

விசை பொருளின் உடைமை அன்று. இரண்டு பொருள்களுக்கு இடையே நிகழ்வது. இதைச் சொல்வது மூன்றாம் விதி. அதைக் கடைசியில் வைத்துவிட்டு, விசை இல்லாவிடில் பொருள் சீராக இயங்கும் என்ற முதல் விதியோடு தொடங்குகிறோம். விசை இல்லை என்று சொல்ல, எதை விசையாக எண்ணலாம், எதை எண்ணக்கூடாது என்பது முன்னரே தெரிந்திருக்க வேண்டாமா? மூன்றாம் விதியை முதலில் வைத்தால் அதற்கு ஓர் உரைகல் கிடைக்கிறது: இந்த விசையை எந்தப் பொருள் செலுத்துகிறது? நாணயத்தின் மேல்நோக்கிய அம்புக்கு விடை சொல்ல முயன்றால், தொட்டுக்கொண்டிருக்கும் பொருள் எதுவும் இல்லை. கை எப்போதோ விலகிவிட்டது. அம்பு தானே விழுந்துவிடும்.

மூன்றாம் விதியே மாணவரை மிகவும் குழப்புவதாயிற்றே, அதில் தொடங்கலாமா என்று ஆசிரியர்கள் கேட்பார்கள். குழப்பம் உண்மை. ஆனால் அதன் பெரும்பகுதி, செயல் முதலில், எதிர்ச்செயல் பிறகு என்று காலவரிசைபோல் சொல்வதாலும், மேசைமேல் இருக்கும் புத்தகத்தை எடுத்துக்காட்டாகக் கொள்வதாலும் வருவது. அங்கே எடையும் மேசையின் செங்குத்து விசையும் சமமாக அமைவதால் அவையே இணை என்று மனத்தில் பதிந்துவிடுகிறது. 2 கிலோகிராம் புத்தகத்தை மின்தூக்கியின் தரையில் வைத்து, வினாடிக்கு வினாடி 1 மீட்டர் என்ற முடுக்கத்தில் மேலே கொண்டுபோனால், எடை 19.6 நியூட்டன், தரை தரும் விசை 21.6 நியூட்டன். இணை என்று எண்ணியவை சமமாக இல்லை. புத்தகம் பூமியை இழுக்கும் 19.6 நியூட்டனே எடையின் உண்மையான இணை. தரையைப் புத்தகம் அழுத்தும் 21.6 நியூட்டன் மற்றதன் இணை. இணைகள் எப்போதும் வெவ்வேறு பொருள்கள்மீது செயல்படுவதால் ஒன்றையொன்று நீக்குவதில்லை. வண்டியும் குதிரையை அதே அளவு பின்னிழுக்கிறதே, பிறகு எப்படி நகரும் என்ற பழைய புதிரும் இதே வழியில் அவிழ்கிறது: குதிரையின் குளம்பைத் தரை முன்னோக்கித் தள்ளும் விசையைக் கணக்கில் சேர்க்க மறந்ததுதான் புதிர். உராய்வு இயக்கத்தை எதிர்ப்பது என்று மட்டும் படித்த மாணவருக்கு, நாம் நடப்பதே உராய்வின் முன்தள்ளலால் என்பது இங்கே முதன்முறையாக விளங்கும்.

பேருந்து சட்டென்று நிற்கும்போது பயணியை முன்னால் தள்ளியது எது என்ற கேள்விக்கும் தள்ளிய பொருள் என்று எதையும் காட்ட முடியாது. சாலையோரத்தில் நிற்பவர் பார்வையில் பயணி பழைய வேகத்தையே தொடர்கிறார், அவ்வளவுதான். முதல் விதி இப்போது வெறும் வாக்கியமாக இல்லாமல், தேவைப்பட்ட இடத்தில் வந்து சேர்கிறது. பேருந்தோடு சேர்ந்து முடுக்கமுறும் குறிப்பாயத்தில் எழுதப்படும் போலி விசைகளை ஏன் தனி வகையாகப் பிரிக்கிறோம் என்பதற்கும் காரணம் கிடைக்கிறது: அவற்றைச் செலுத்தும் பொருள் இல்லை. இந்த உரைகல்லுக்கு எல்லை உண்டு. விரைந்து இயங்கும் மின்னூட்டங்களுக்கிடையே விசைகள் எளிய இணைகளாக அமைவதில்லை. மின்காந்தப் புலமும் உந்தத்தைச் சுமக்கிறது என்று கொண்டால்தான் கணக்கு நேராகும். பள்ளி இயக்கவியல் அந்த எல்லைக்கு வெகு தொலைவில் நிற்கிறது.

மதிப்பிடும் முறையும் மாற வேண்டும். தனித்த பொருளின் விசைப்படம் வரையும் ஒவ்வொரு வினாவிலும், ஒவ்வோர் அம்பின் அருகிலும் செலுத்தும் பொருளின் பெயரை எழுதக் கேட்டு, எண் விடைக்கு முன்பே அதற்கு மதிப்பெண் வழங்கலாம். பெயர் எழுத முடியாத அம்பை மாணவரே அடித்துவிடட்டும்.