சிவன் அமல்பொடி போன தூரம்

மலருக்கு நம்ம பெண்களே எழுதணும்னு கூட்டத்தில் சொன்னதும் எனக்குப் பயம்தான் வந்தது. பத்தாவது வரை படித்தவள். வரவு செலவு நோட்டைத் தவிர வேறு எதுவும் எழுதினதில்லை. ஆனால் ஒரு வேரைப் பற்றிச் சொல்லணும்னு மூன்று வருஷமாக மனசில் கிடக்கிறது.

எங்க அத்தைக்கு, அதாவது என் மாமியாருக்கு, பிரஷர் உண்டு. 2021-இல் மக்களைத் தேடி மருத்துவம் வந்த பிறகு நம்ம குழுப் பெண்ணே மாத்திரையை வீட்டுக்குக் கொண்டுவந்து கொடுப்பார். ஒரு நாள் சந்தையில் ஒருத்தர், "இங்கிலீஷ் மாத்திரை குடலைக் கெடுக்கும், இது மலை வேர், ரத்தக்குழாயைக் காப்பாத்தும்" என்று ஒரு பொடியைக் கொடுத்தார். சிவன் அமல்பொடி வேர் என்றார். காசு கொடுத்தது நான்தான். அத்தை மாத்திரையை நிறுத்திட்டாங்க. அட்டைகளெல்லாம் அரிசிப் பானைக்குப் பின்னால் அப்படியே இருந்தது பிறகுதான் தெரிந்தது. இரண்டு மாதத்துக்குள் ஒரு விடியற்காலை வாய் ஒரு பக்கம் கோணி, வலது கை விழுந்துவிட்டது. பிழைத்துக்கொண்டாங்க. ஆனால் இன்றைக்கும் இடது கையால்தான் சாப்பிடுகிறாங்க.

அந்தப் பொடியில் உண்மையில் என்ன இருந்ததோ, யாருக்குத் தெரியும்? ஆனால் சிவன் அமல்பொடி பொய்யான மூலிகை இல்லை. என் மகளும் நானும் நூலகத்தில் தேடித் தேடிப் படித்தபோது ஆச்சரியமாக இருந்தது.

வடக்கே இதற்குச் சர்ப்பகந்தா என்று பெயர். பாம்புக்கடிக்கும், தூக்கம் வராதவர்களுக்கும், சித்தம் கலங்கியவர்களுக்கும் காலங்காலமாகக் கொடுத்திருக்கிறார்கள். பீகார் பக்கம் 'பைத்தியத்துக்கு மருந்து' என்றே விற்றார்களாம். வெள்ளைக்காரர்கள் இதற்கு வைத்த பெயர் ரவுவோல்ஃபியா. ரவுவோல்ஃப் என்பவர் நானூறு வருஷத்துக்கு முந்தின ஜெர்மனி வைத்தியர். இந்தியாவுக்கே வராதவர். நம்ம செடிக்கு அவர் பெயர்!

டெல்லியில் ஹக்கீம் அஜ்மல் கான் என்று ஒரு பெரிய யுனானி வைத்தியர், சுதந்திரப் போராட்டத் தலைவரும்கூட. அவர் உருவாக்கிய திப்பியா கல்லூரியில் சலீமுஸ்ஸமான் சித்திக்கி என்ற விஞ்ஞானி 1931-இல் இந்த வேரிலிருந்து சத்துகளைப் பிரித்தெடுத்து, ஒன்றுக்கு அஜ்மலின் என்று அவர் பெயரையே வைத்தார். அதே வருஷம் கல்கத்தாவில் சென், போஸ் என்ற இரண்டு டாக்டர்கள், இந்த வேர் ரத்த அழுத்தத்தையும் குறைக்குது என்று எழுதினார்கள். வெளிநாட்டில் யாரும் கண்டுகொள்ளவில்லை. 1934-இல் ஹிமாலயா கம்பெனி இதை மாத்திரையாகவே விற்றது. அதைத் தொடங்கியவர் மாத்திரை பிடிக்கும் கை இயந்திரம் வாங்க அம்மாவின் வளையலை அடகு வைத்தாராம். அந்தக் கம்பெனிக்காரர்கள் சொல்கிற கதை இது. அடகுக் கடைப் படி ஏறின நமக்கு அது புரியும்.

உலகத்தைத் திரும்பிப் பார்க்க வைத்தவர் பம்பாய் டாக்டர் ருஸ்தம் ஜால் வகீல். 50 நோயாளிகளுக்கு இந்த வேரைக் கொடுத்து, எவ்வளவு கொடுத்தேன், அழுத்தம் எவ்வளவு இறங்கியது என்று ஒவ்வொன்றாக அளந்து எழுதி, 1949-இல் இங்கிலாந்து இதய மருத்துவ இதழில் வெளியிட்டார். நாம தீர்மான நோட்டில் எழுதுகிற மாதிரிதான், எழுதி வைத்ததால் நின்றது. மூன்று வருஷத்தில், 1952-இல், சுவிட்சர்லாந்தின் சீபா கம்பெனி வேரின் முக்கியமான சத்தைத் தனியாக எடுத்து ரெசர்பின் என்று பெயரிட்டது. அப்புறம் உலகம் முழுக்க பிரஷருக்கு இந்த மாத்திரைதான்.

இது வேலை செய்கிற விதம் இதுதான். ரத்தக்குழாயை இறுக்கச் சொல்லி நரம்பு ஒரு சுரப்பை அனுப்பிக்கொண்டே இருக்கும். ரெசர்பின் அந்தச் சுரப்பின் சேமிப்பைக் காலி செய்துவிடும். குழாய் தளரும், அழுத்தம் இறங்கும். ஆனால் அதே சுரப்பு மூளைக்கும் வேணும். அதனால் சிலருக்கு மூக்கடைப்பு, சிலருக்கு எதிலும் பிடிப்பில்லாத மனச்சோர்வு. அளவு கூடக்கூட ஆபத்தும் கூடும். வேறு நல்ல மாத்திரைகள் வந்த பிறகு டாக்டர்கள் இதைக் குறைத்துவிட்டார்கள்.

சந்தைப் பொடிக்கும் வகீல் டாக்டருக்கும் வித்தியாசம் இங்கேதான். வேருக்கு வேர், மண்ணுக்கு மண், பறிக்கிற பருவத்துக்குத் தக்க சத்து மாறும். ஸ்பூன் கணக்கில் கொடுத்தால் ஒன்றுமே இல்லாமலும் போகலாம், ஒரேயடியாக இறங்கியும் போகலாம். இன்னொன்று, வேரை எடுத்தால் செடி செத்துப்போகும். பிடுங்கிப் பிடுங்கி விற்றதில் காட்டில் அரிதாகிவிட்டது. 1990 முதல் இதன் சர்வதேச வியாபாரத்துக்குக் கட்டுப்பாடு இருக்கிறது.

இதையெல்லாம் ஒரு சாயங்காலம் அத்தைக்குப் படித்துக் காட்டினேன். கேட்டுவிட்டு, "அப்ப எனக்குக் குடுக்கறதும் அந்த வேருதானா?" என்றாங்க.

"இல்லத்தே, இது வேற மாத்திரை" என்றேன்.

கொஞ்ச நேரம் பேசவில்லை. "அன்னைக்கு நீ காசு குடுக்கலன்னாலும் நான் சுருக்குப் பையில இருந்து எடுத்துக் குடுத்திருப்பேன்டி" என்று சொல்லிவிட்டு, இடது கையை நீட்டினாங்க. மாத்திரையையும் தண்ணிச் செம்பையும் கொடுத்தேன்.