ஜனத்தொகையின் வயதமைப்பும் உழைக்கும் பிராயத்தினரின் பாரமும்

ஒரு நாட்டு ஜனங்களைக் குழந்தைகள், உழைக்கும் பிராயத்தினர், வயோதிகர் என மூன்று பிரிவாகப் பகுத்து, ஒவ்வொரு பிரிவும் மொத்தத்தில் எத்தனை பங்கு என்று காட்டுவது வயதமைப்பு எனப்படும். புள்ளிவிவர வழக்கில் 15 வயது நிரம்பாதவர் முதற்பிரிவினர். 15 முதல் 64 வரையுள்ளோர் இடைப்பிரிவினர். 65 வயதை எட்டியோர் கடைப்பிரிவினர். முதற்பிரிவையும் கடைப்பிரிவையும் கூட்டி, இடைப்பிரிவில் 100 பேருக்கு அவர்கள் எத்தனை பேர் என்று கணக்கிட்டால் வருவது சார்ந்திருப்போர் விகிதம். இந்தியா உள்ளிட்ட சில நாடுகளில் முதுமையின் எல்லையை 60 என்று கொள்ளும் வழக்கமும் இருப்பதால், இரு நாட்டு அட்டவணைகளை அருகருகே வைத்துப் பார்ப்பவர் முதலில் எல்லைக்கோடு எங்கே போடப்பட்டிருக்கிறது என்று கவனித்துக்கொள்வது நலம்.

இக்கணக்கு முழுவதற்கும் அஸ்திவாரம், மக்கள் தம் வயதைச் சரியாகச் சொல்வதே. இந்தியக் குடிக்கணக்குகளில் 0, 5 என்னும் இலக்கங்களில் முடியும் வயதுகளில் ஆட்கள் குவிந்து கிடப்பதை அறிஞர்கள் நெடுங்காலமாகக் கண்டிருக்கிறார்கள். வாசலில் நிற்கும் கணக்கெடுப்பாளர் பாட்டியின் வயதைக் கேட்டால், “அறுபது இருக்கும், எழுதிக்கோங்க” என்று உள்ளிருந்து பதில் வரும். பக்கத்து வீட்டிலும் அதே அறுபதுதான். சீனாவிலும் ஜப்பானிலும் இக்குறை மிகச் சொற்பம். பன்னிரண்டு ஆண்டுச் சுழற்சியில் தாம் பிறந்தது எலியின் ஆண்டா, குதிரையின் ஆண்டா என்பதை எழுத்தறியாதவரும் அங்கே மறப்பதில்லை.

வயதமைப்பைச் சாஸ்திரீயமாக ஆராய்ந்தோரில் முன்னோடி ஸ்வீடன் தேசத்துப் புள்ளிவிவர அறிஞர் குஸ்டாவ் சுண்ட்பார்க். 15 முதல் 49 வயது வரையுள்ளோர் எந்நாட்டிலும் ஏறக்குறையச் சரிபாதியாகவே இருக்கிறார்கள் என்றும், மீதிப் பாதியைக் குழந்தைகளும் முதியோரும் பங்கிட்டுக்கொள்ளும் வீதத்தில்தான் நாடுகள் வேறுபடுகின்றன என்றும் அவர் 1900ஆம் ஆண்டில் எழுதினார். குழந்தைகள் 40 சதவீதமும் 50 வயதை எட்டியோர் 10 சதவீதமுமாக உள்ள ஜனத்தொகை வளர்வது; 33க்கு 17 என்றிருப்பது நிலைத்தது; 20க்கு 30 என்றிருப்பது தேய்வது.

மனிதர் நீண்ட நாள் வாழ்வதனாலேயே ஒரு நாடு மூப்படைகிறது என்பது இன்றளவும் பரவலான அபிப்பிராயம். அமெரிக்க ஜனத்தொகையியல் அறிஞர் ஆன்ஸ்லி கோல் 1950களில் கணித முறையில் நிறுவிய முடிவு இதற்கு நேர்மாறானது. நல்ல குடிநீரும் தடுப்பூசியும் வைத்திய வசதியும் வந்து மரண விகிதம் இறங்கத் தொடங்கும்போது, அந்நன்மையால் முதலில் பிழைப்பவை சிசுக்களே ஆதலால், அந்நாடு முன்னிலும் இளமையடைகிறது. மூப்பு வந்து சேர்வது பிறப்புக் குறைவதனால். சிசு மரணம் பெரும்பாலும் ஒழிந்த பின்னரே முதியோரின் ஆயுள் நீள்வது தன் பங்கைச் சேர்க்கிறது. பிறப்புக் குறைந்து, முன்பு பிறந்தவர்கள் உழைக்கும் வயதை அடைந்து, அவர்கள் இன்னும் முதுமையை எட்டாத முப்பது நாற்பது ஆண்டுகள் ஒரு நாட்டுக்கு ஒரே முறை கிடைக்கும் அனுகூல காலம். கிழக்காசிய நாடுகளின் வேகமான பொருளாதார வளர்ச்சியில் மூன்றிலொரு பங்கு வரை இதனால் விளைந்ததாகலாம் என்று டேவிட் புளூம், ஜெஃப்ரி வில்லியம்சன் இருவரும் 1998இல் மதிப்பிட்டனர்.

இம்முழு நாடகத்தையும் ஓர் ஆயுட்காலத்துக்குள் ஆடி முடித்த தேசம் ஜப்பான். யுத்தம் முடிந்து போர்வீரர் வீடு திரும்பியதும் 1947 முதல் 1949 வரையுள்ள மூன்றாண்டுகளில் அங்கே சுமார் 80 லட்சம் குழந்தைகள் பிறந்தன. உணவுக்கே திண்டாடிய அரசாங்கம் 1948இல் கருக்கலைப்பை அனுமதிக்கும் சட்டமொன்றை இயற்றி, மறு ஆண்டே பொருளாதாரக் காரணத்துக்கும் அதனை விரிவாக்கியது. 1947இல் பெண்ணொருத்திக்கு நாலரை என்றிருந்த சராசரிப் பிறப்பு, பத்தே ஆண்டுகளில் இரண்டுக்கு இறங்கிவிட்டது.

வயதமைப்பைக் காட்டும் பிரமிட் வரைபடத்தை ஜப்பானுக்கு வரைந்தால், 1966ஆம் ஆண்டுக்குரிய பட்டை இருபுறமும் வெட்டுப்பட்டதுபோல் உள்வாங்கி நிற்கும். அது அறுபது ஆண்டுக்கொரு முறை வரும் நெருப்புக் குதிரை ஆண்டு. அவ்வாண்டில் பிறக்கும் பெண் கணவனுக்கு ஆகமாட்டாள் என்ற நம்பிக்கையால் முந்தின ஆண்டைவிடப் பிறப்பு நாலிலொரு பங்கு குறைந்து, சுமார் 13 லட்சத்து 60 ஆயிரத்தில் நின்றது. மூல நட்சத்திரத்துப் பெண் என்றதும் ஜாதகத்தைத் திருப்பிக் கொடுத்துவிடும் நம்மவருக்கு இது வியப்பூட்டாது.

யுத்தம் முடிந்தபின் பிறந்த பெருங்கூட்டம் வளர்ந்ததும், வடக்கேயுள்ள அவோமோரி முதலிய ஜில்லாக்களிலிருந்து பள்ளிப்படிப்பை முடித்த பதினைந்து வயதுப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு, 1954 முதற்கொண்டே ஓடிவந்த தனி ரயில்கள் அவர்களையும் டோக்கியோவின் உவேனோ நிலையத்தில் இறக்கிவிட்டன. சீருடை மாறாமலே இறங்கிய அவர்களைப் பட்டறை முதலாளிகளும் கடைக்காரர்களும் வந்து அழைத்துச் செல்வர். ஆள் கிடைப்பது அரிதாகிவந்த அந்நாட்களில் அவர்களுக்குப் ‘பொன் முட்டைகள்’ என்றே பெயர். குழந்தைகளும் குறைவு, கிழவர்களும் குறைவு என்ற அந்தச் செழிப்பான நாட்களில்தான், 1973இல், 70 வயதை எட்டியோருக்கு இலவச வைத்தியம் என்று அரசாங்கம் அறிவித்தது. முதியோர் ஜனத்தொகையில் சுமார் 7 சதவீதமாக இருந்தபோது எளிதாகத் தோன்றிய அவ்வாக்குறுதியைச் சுமார் பத்தாண்டிலேயே சுருக்கிக்கொள்ள நேர்ந்தது.

நூறு வயது நிரம்பியோருக்குப் பிரதம மந்திரியின் பெயரால் வெள்ளிக் கிண்ணம் வழங்கும் மரியாதையை ஜப்பான் 1963இல் தொடங்கியது. அப்போது நாடு முழுவதிலும் நூறு கண்டவர் 153 பேர். 2012இல் அவர்கள் தொகை 50 ஆயிரத்தைத் தாண்டியது. செலவு தாங்காமல் 2016 முதல் கிண்ணம் வெள்ளி முலாம் பூசியதாக மாறிற்று.

இனிச் சார்ந்திருப்போர் விகிதத்தைப் பார்ப்போம். 1950இல் ஜப்பானில் உழைக்கும் பிராயத்தினர் 100 பேருக்குச் சார்ந்திருப்போர் சுமார் 68; 1990இல் அது ஏறக்குறைய 44 ஆகக் குறைந்தது; 2020இல் மறுபடியும் 68. எண்ணை மட்டும் நோக்குபவர் எழுபதாண்டு கழித்து நாடு புறப்பட்ட இடத்துக்கே வந்துவிட்டது என்று கருதக்கூடும். ஆனால் முன்னைய 68இல் ஏறக்குறைய 60 பேர் குழந்தைகள், 8 பேர் முதியோர். பின்னைய 68இல் 20 பேர் குழந்தைகள், 48 பேர் முதியோர். குழந்தையின் செலவைப் பெரும்பாலும் வீடு ஏற்கிறது. பதினைந்து ஆண்டில் அது தீரும் என்பது தெரிந்த கணக்கு. முதியவரின் ஓய்வூதியமும் வைத்தியமும் அரசாங்கக் கஜானாவைச் சேர்ந்த விஷயங்கள். அவை எத்தனை ஆண்டுக்கு என்று யாரும் அறுதியிட்டுச் சொல்ல முடியாது. மறுபுறம், முதியவரிடம் வீடும் சேமிப்பும் வாக்குச்சீட்டும் உண்டு, குழந்தையிடம் மூன்றும் இல்லை. இத்தனை பேதமுள்ள இரு பாரங்களை ஒரே எண்ணுக்குள் அடக்குவது இவ்விகிதத்தின் பெருங்குறை என்றே சொல்ல வேண்டும்.

வேறொரு குறையும் உண்டு. வயதைக் கொண்டு உழைப்பை அளப்பது வசதிக்காகச் செய்துகொண்ட ஏற்பாடு. ஜப்பானில் பதினாறு வயதுப் பிள்ளைகள் அநேகமாக அனைவரும் இன்று உயர்நிலைப் பள்ளியில் இருக்கிறார்கள். 65 முதல் 69 வரையுள்ளோரிலோ ஏறக்குறையப் பாதிப்பேர் வேலைக்குப் போகிறார்கள். அட்டவணைப்படி முன்னவர் தாங்குவோர், பின்னவர் தாங்கப்படுவோர்! படுத்த படுக்கையான மாமியாரைக் குளிப்பாட்டி உணவூட்டும் ஐம்பது வயது மருமகளின் நிலையோ இன்னும் விசித்திரமானது. வயதினால் அவள் தாங்குவோர் வரிசையில் எண்ணப்படினும், அவள் வேலையை எந்த வருமானக் கணக்கும் ஏற்பதில்லை. பெற்றோரைப் பராமரிப்பதற்காக உத்தியோகத்தை விடுவோர் ஜப்பானில் ஆண்டுதோறும் சுமார் ஒரு லட்சம் பேர். இச்சுமையைப் பொதுவாக்கவே 2000ஆம் ஆண்டில் முதியோர் பராமரிப்புக் காப்பீடு வந்தது. 40 வயதானதும் ஒவ்வொருவரும் அதற்குச் சந்தா கட்டுகின்றனர். 1989இல் 3 சதவீதமாகத் தொடங்கிய நுகர்வு வரி 2019இல் 10 சதவீதத்தை எட்டியதற்கும் முதியோர் செலவே முக்கிய காரணமாகக் கூறப்பட்டது.

இந்தியாவில் நிலைமை மாநிலத்துக்கு மாநிலம் வேறு. 2011 குடிக்கணக்கின்படி 60 வயதை எட்டியோர் நாடு முழுவதும் 8.6 சதவீதம், கேரளத்தில் 12.6, தமிழ்நாட்டில் 10.4. பிறப்பு முன்னதாகவே குறைந்துவிட்ட தமிழ்நாட்டில் திருப்பூர் பனியன் கம்பெனிகளுக்கும் சென்னைக் கட்டட வேலைகளுக்கும் ஆட்கள் பிகார், ஒடிசா முதலிய மாநிலங்களிலிருந்து ரயிலேறி வருகின்றனர். வருபவர் பெரும்பாலும் தனியாள். மனைவி மக்களும் வயதான பெற்றோரும் ஊரிலேயே தங்கிவிடுகிறார்கள். எனவே அவரை வேலை செய்யும் ஊரில் வைத்து எண்ணும்போது தமிழ்நாட்டின் விகிதம் உண்மையைவிட இலேசாகவும், பிகாரின் விகிதம் உண்மையைவிடக் கனமாகவும் தோன்றும். மாதந்தோறும் அவர் வீட்டுக்கு அனுப்பும் பணத்துக்கு இவ்விகிதத்தில் இடமே இல்லை.