விழுந்த டவரின் பெயர் நம்பிக்கை: மௌலிவாக்கம் 2014

போன எபிசோடில் ஏற்காட்டுக்குக் காபி வந்த கதையைப் பேசினோம். அதைக் கேட்டுட்டு ஒரு நேயர் அனுப்பிய கேள்வியிலிருந்து இன்னைக்கு ஆரம்பிக்கிறேன். "சேர்வராயன் மலைச் சரிவுல விடுதி, வில்லான்னு கட்டிக்கிட்டே போறாங்களே, இதுல ஒண்ணு விழுந்தா யார் பொறுப்பு?"

பதில் தேட மலையை விட்டு இறங்கி, சென்னையில் போரூர் பக்கத்துல இருக்கிற மௌலிவாக்கத்துக்குப் போகணும்.

2014 ஜூன் 28, சனிக்கிழமை சாயங்காலம். இடி மின்னலோட மழை. கட்டி முடிக்காத ஒரு 11 மாடிக் குடியிருப்பு அப்படியே உட்கார்ந்துடுச்சு. உள்ளே இருந்தவங்கள்ல பெரும்பாலானவங்க ஆந்திரா, ஒடிசா, தமிழ்நாட்டுக் கட்டுமானத் தொழிலாளர்கள். வாரக் கூலி வாங்கக் கூடியிருந்தாங்க, மழைக்கு ஒதுங்கி நின்னாங்கன்னு அப்போ செய்திகள் வந்துச்சு. 61 பேர் இறந்தாங்க. 27 பேரை உயிரோட மீட்டாங்க.

அந்தத் திட்டத்தோட பெயர் 'டிரஸ்ட் ஹைட்ஸ்'. அதுல ரெண்டு டவர்: 'ஃபெய்த்', 'பிலீஃப்'. விழுந்தது பிலீஃப். டிரஸ்ட், ஃபெய்த், பிலீஃப், மூணுக்கும் தமிழில் ஒரே சொல்தான்: நம்பிக்கை. நான் இதை ஒரு கதையில எழுதியிருந்தா, "கொஞ்சம் ஓவர்"னு எடிட்டர் வெட்டியிருப்பாங்க.

மீட்புக்கு வந்தவங்கள்ல முக்கியமானவங்க அரக்கோணத்துல முகாம் வெச்சிருக்கிற தேசிய பேரிடர் மீட்புப் படையின் 4-வது பட்டாலியன். 2004 சுனாமிக்கு அப்புறம், 2005-ல் வந்த பேரிடர் மேலாண்மைச் சட்டத்தால உருவான படை இது. தீயணைப்புத் துறையும் போலீஸும் கூட நின்னாங்க. மாடிகள் பக்கவாட்டுல சாயாம ஒண்ணு மேல ஒண்ணா, தோசையை அடுக்கின மாதிரி படிஞ்சு கிடக்கும்போது மீட்பு ரொம்பக் கஷ்டம். பெரிய மெஷினை வெச்சு அவசரமா இழுத்தா, எங்கேயோ ஒரு சின்ன இடுக்குல மூச்சு விட்டுக்கிட்டிருக்கிறவர் மேல மிச்சமும் இறங்கிடும். அதனால மேலேருந்து ஒவ்வொரு பலகமா வெட்டி, கம்பியை அறுத்து, துளை போட்டு உள்ளே கேமரா விடணும். நடுநடுவுல எல்லா மெஷினையும் நிறுத்திட்டு, யாரும் பேசாம, உள்ளேருந்து ஒரு தட்டல் சத்தமாவது வருதான்னு காது கொடுப்பாங்க.

ஆளைக் கண்டுபிடிச்சதும் உடனே இழுத்துடவும் முடியாது. மணிக்கணக்கா நசுங்கிக் கிடந்த காலைத் திடீர்னு விடுவிச்சா, சிதைஞ்ச தசையிலிருந்து பொட்டாசியம் ரத்தத்துல கலந்து இதயமே நின்னுபோகலாம். தூக்கறதுக்கு முன்னாடியே சலைன் ஏத்த ஆரம்பிக்கணும். இவ்வளவையும் தாண்டி, மூணு நாளுக்கு அப்புறம்கூட ஒடிசாவைச் சேர்ந்த ஒரு தொழிலாளியை உயிரோட வெளியே கொண்டு வந்தாங்க.

மீட்புப் படை கேட்கிற முதல் கேள்வி ரொம்ப சாதாரணமானது: உள்ளே எத்தனை பேர்? மௌலிவாக்கத்துல முதல் சில நாள் அந்த எண் மாறிக்கிட்டே இருந்துச்சு. வெளிமாநிலத் தொழிலாளர்களைக் கூட்டிட்டு வர்ற ஒப்பந்தக்காரர் அவங்களைப் பதிவேட்டுல எழுதி வைக்கணும்னு 1979-லேயே வந்த மத்திய சட்டம் அப்போ அமல்ல இருந்துச்சு. யார் பொறுப்புங்கிற பேச்சை நான் அங்கேருந்தே தொடங்குவேன்.

ஆனா அன்னைக்குப் பேச்சு வேற மாதிரி போச்சு. மின்னல் தாக்கியதுதான் காரணம்னு கட்டின தரப்பு முதல்ல சொல்லுச்சு. நிறுவனத்தை நடத்தினவங்களும் பொறியாளர்களும் கைதானாங்க. மறுநாள் இடத்தைப் பார்த்த முதலமைச்சர் ஜெயலலிதா, சி.எம்.டி.ஏ. அனுமதியில தவறில்லை, கட்டுமான வடிவமைப்புலதான் குறைன்னு சொன்னாங்க. எதிர்க்கட்சிகள் சி.பி.ஐ. விசாரணை கேட்டாங்க. நீதிபதி ரகுபதி ஆணையம் அமைஞ்சு, அதன் அறிக்கை 2015-ல் சட்டமன்றத்துல வைக்கப்பட்டுச்சு. அதுவும் முக்கியமாக் கட்டினவங்களைத்தான் குற்றம் சொன்னது.

இங்கே கொஞ்சம் நிக்கணும். அப்போ திட்ட அனுமதி எதைப் பார்த்துச்சு? சாலை அகலம், சுற்றி விட வேண்டிய இடம், உயரம், மொத்தப் பரப்பு. தூண் எவ்வளவு பாரம் தாங்கும், மண் எவ்வளவு தாங்கும் என்பதற்குக் கட்டுறவர் நியமிச்ச பொறியாளரின் கையெழுத்து போதும். சம்பளம் கொடுக்கிறவருக்கே அவர் 'முடியாது'ன்னு சொல்லணும். 2019-ல் வந்த ஒருங்கிணைந்த கட்டட விதிகள் இதைக் கொஞ்சம் இறுக்கியிருக்கு. முன்னைவிடப் பரவாயில்லைன்னுதான் நான் சொல்வேன்.

மிச்சம் நின்ன ஃபெய்த் டவரை என்ன செய்யறதுங்கிற வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போச்சு. 2016 நவம்பர் 2 அன்னைக்கு வெடிவெச்சுத் தகர்த்தாங்க. சில விநாடிதான். அதுல வீடு வாங்கக் கடன் எடுத்தவங்களுக்குத் தவணை மட்டும் மிஞ்சுச்சு.

சரி, மலைக்கு வருவோம். நம்ம நேயரோட கேள்விக்கு மௌலிவாக்கத்தைவிட நெருக்கமான ஒரு வழக்கு மலேசியாவுல இருக்கு. 1993 டிசம்பர் 11, கோலாலம்பூர் பக்கத்துல மலையடிவாரத்துல இருந்த ஹைலேண்ட் டவர்ஸ். தொடர் மழையில பின்னாடி இருந்த சரிவு வழுக்கி, ஒரு 12 மாடி பிளாக் சாஞ்சுச்சு. 48 பேர் இறந்தாங்க. அந்த மீட்பு அனுபவத்துக்குப் பிறகுதான் மலேசியா 'ஸ்மார்ட்'ங்கிற தனி மீட்புப் படையை உருவாக்குச்சு.

2000-ல் உயர் நீதிமன்றம் பொறுப்பைச் சதவீதமாவே பிரிச்சுது. கட்டின நிறுவனத்துக்கு 15, உள்ளூர் நகராட்சிக்கு 15. எல்லாரையும்விட அதிகமா, 30 சதவீதம், மேல்சரிவு நிலத்தோட உரிமையாளருக்கு! அவங்க நிலத்து வடிகாலை ஒழுங்காப் பராமரிக்கலைங்கிறதுதான் காரணம். 2006-ல் கூட்டரசு நீதிமன்றம், கட்டடம் விழறதுக்கு முன்னாடி செஞ்சதுக்கு நகராட்சிமேல வழக்குப் போட முடியாதுன்னு சொல்லிடுச்சு. சட்டமே அதுக்கு விலக்கு கொடுத்திருந்துச்சு.

ஏற்காடு தாலுகா, 'ஹாக்கா'ன்னு சொல்ற மலையிடப் பாதுகாப்புக் குழுமத்தின் வரம்புக்குள்ள இருக்கு. அது 1990-ல் அமைஞ்சது. சமவெளியைவிட ஒருவகையில நல்ல ஏற்பாடு. வனம், கனிமம், வேளாண் பொறியியல்னு பல துறைகள் கிட்ட கருத்துக் கேட்கிறாங்க. மண்ணைப் பத்தின கேள்வி கட்டறதுக்கு முன்னாடியே வந்துடுது. ஆனா கேட்கிறது உங்க மனையைப் பத்தி. உங்களுக்கு மேல, ரெண்டு கொண்டை ஊசி வளைவு தாண்டி, ஒருத்தர் காபிச் செடியைப் பிடுங்கிட்டு வாகன நிறுத்தம் போட்டா, அந்த மழைத்தண்ணி எங்கே வரும்? கீழே இருக்கிற உங்க தாங்குசுவருக்குப் பின்னாடிதான்.

அதனால நேயருக்கு என் பதில்: கட்டினவர், கையெழுத்துப் போட்ட பொறியாளர், அனுமதி கொடுத்த அலுவலகம்னு நீங்க போடுற பட்டியல்ல மேல்நிலத்துக்காரரையும் சேர்த்துக்கோங்க. அடுத்த மழையில ஏற்காடு போனா, வியூ பாயிண்டைப் பார்த்துட்டு அப்படியே திரும்பி, தங்கியிருக்கிற விடுதிக்குப் பின்னாடி தண்ணி எந்த வழியா இறங்குதுன்னும் ஒரு தடவை பாருங்க.